புனிதர் சரிதமும் விடுபட்ட ஏடுகளும்

ஈழத்துத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கண்ணெடுத்தும் பாராத துறை ஒன்று உண்டு. கத்தோலிக்கப் புனிதர்களின் சரிதங்களையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். கோயில் வாசலில் விற்கப்படும் சிறு பிரசுரங்களாகவும், நவநாட் புத்தகங்களின் முன்னுரைகளாகவும், பெருநாள் இரவுகளில் ஆடப்படும் கூத்துக்களாகவும், அம்மானைகளாகவும் அவை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. வேறெந்த நூலையும் கையிலெடுத்தறியாத குடும்பங்களிற்கூட ஒரு புனிதரின் கதையேனும் தெரிந்திருக்கிறது. ஆயினும் விமர்சகர்களுள் ஒரு சாரார் அதனைப் பக்தர்களின் சொந்த விவகாரமென்று விலக்கிவிட்டனர். மற்றொரு சாரார் மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டனர். மக்கள் நெஞ்சிற் குடியிருக்கும் ஓர் இலக்கிய வகையை ஆராயாது விடுவது முற்போக்கு விமர்சனத்துக்கு அழகாகாது.

இச்சரிதங்களின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. புனிதர் பக்தியுள்ள பெற்றோருக்குப் பிறக்கிறார், இளமையிலேயே உலக இன்பங்களை வெறுக்கிறார், சோதனைகளை வெல்கிறார், புதுமைகள் செய்கிறார், நன்மரணம் அடைகிறார். அவர் எந்த ஊரில் வாழ்ந்தார், அவ்வூரை ஆண்டவர் யார், யாருக்கும் யாருக்கும் இடையில் வழக்கு நடந்தது என்பனவெல்லாம் இரண்டொரு வரிகளில் மறைந்துபோகின்றன. இறுதியில் ஒரு வாசகம் எஞ்சுகிறது: இன்னார் இன்னதற்குப் பாதுகாவலர். கடற்றொழிலாளருக்கு ஒருவர், கண்நோய்க்கு ஒருவர், கொள்ளை நோய்க்கு ஒருவர், காணாமற்போன பொருளுக்கு ஒருவர். ஒரு முழு வாழ்க்கை இவ்வாறு ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. சுருக்கம் என்றால் சுருக்கியவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று கேட்பதே விமர்சகனின் வேலை.

முதலில் மக்கள் செய்த சுருக்கத்தை நோக்குவோம். மூன்றாம் நூற்றாண்டில் உரோமையில் தியோக்கிளேசியன் ஆட்சியிற் கொல்லப்பட்டவர் செபஸ்தியார். உடலெங்கும் அம்பு தைத்த அவருடைய சுரூபத்தை நம்மூர்க் கோயில்களிற் காணாதார் இலர். கண்ணுக்குத் தெரியாத அம்புபோல வந்து தாக்குவது கொள்ளை நோய் என்று பழங்கால மக்கள் எண்ணினர். ஆதலால் அம்பு பட்டவரே நோய்க்குக் காவலரானார். பல்லைப் பிடுங்கிக் கொடுமைப்படுத்தப்பட்ட அப்பொலோனியா பல்வலிக்குக் காவலரானதும் இவ்விதியின்படியே. வைத்தியர் இல்லாத ஊரில், நோயாளி தன்னைப்போல் துன்புற்ற ஒருவரைத் தேடினான். பாதுகாவற் பட்டியல்களைத் தலைகீழாக வாசித்தால், ஒரு சமுதாயத்துக்கு எவையெவை கிடைக்கவில்லை என்ற கணக்கு நமக்குக் கிடைத்துவிடும். வன்னிக்கு மேற்கே மடுமாதா கோயில் மண்ணைப் பாம்புக்கடிக்கு மருந்தாக மக்கள் எடுத்துச் செல்லும் வழக்கத்தையும் அவ்வாறே நோக்கவேண்டும். காட்டிலும் வயலிலும் வெறுங்காலுடன் உழைத்தவன், ஆசுபத்திரி பல கட்டைக்கு அப்பால் இருந்தபோது, எதை நம்புவான்?

ஆனால் செபஸ்தியாரின் கதையில் ஓர் ஏடு விடுபட்டுப் போயிற்று. மரபுக்கதையின்படி அவர் அம்புகளால் இறக்கவில்லை. ஐரீன் என்ற பெண் அவரைக் காப்பாற்றிக் காயங்களை ஆற்றினாள். உயிர் பிழைத்தவர் ஓடி ஒளியவில்லை. பேரரசனின் முன் மீண்டும் சென்று நின்று அவனுடைய கொடுமைகளைக் கண்டித்தார். அதன் பின்னரே தடிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். அம்பு தைத்த உடலைச் சுரூபமாக்கினார்கள். அரசனைக் கேள்வி கேட்ட வாயைச் சுரூபமாக்கியவர் அரிதிலும் அரிது. துன்பம் வணக்கத்துக்குரியதாயிற்று, எதிர்ப்பு மறக்கப்பட்டது. இதுவே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளின் சாரம் எனலாம்.

மக்கள் மட்டும் சுருக்கவில்லை, ஆட்சியாளரும் சுருக்கினர். சுவிசேஷம் கூறும் யாகப்பர் செபதேயுவின் மகன். கலிலேயாக் கடலில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த மீன்பிடிகாரர். ஐபீரிய நாடுகளிலோ அவர் வெள்ளைக் குதிரை ஏறி, வாளேந்தி, முஸ்லிம்களை வெட்டி வீழ்த்தும் போர்வீரராக மாறினார். 844ஆம் ஆண்டிற் கிளாவிகோ என்ற இடத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் போரைப் பற்றிய ஐதீகமே அவரைக் குதிரையில் ஏற்றியது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தம் நேரடி ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தனர். 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 'சந்தியோகுமையோர் அம்மானை'யை இயற்றினார். ஈழத்தின் கத்தோலிக்க இலக்கியத்தில் மிகப் பழையவற்றுள் ஒன்றாகிய அந்நூலின் நாயகர் இந்த யாகப்பரே. கரைவலை இழுத்து வாழ்ந்த கடற்கரைகளுக்கு, வலையோடு வாழ்ந்த ஒருவர், வலையைக் கைவிட்டு வாளுடன் வந்துசேர்ந்த விந்தையை என்னென்பது! வந்தவர் யாருடைய கப்பலில் வந்தார் என்பதை நினைத்தால் விந்தை தெளிந்துவிடும்.

புலவர்களும் இதற்கு விலக்கல்லர். வீரமாமுனிவர் 1726இல் நிறைவுசெய்த தேம்பாவணி 3,615 பாடல்களாலான பெருங்காப்பியம். தமிழ்க் காப்பிய மரபைப் பிறநாட்டார் ஒருவர் இத்துணைத் திறமையுடன் கையாண்டது நமது மொழியின் வரலாற்றில் ஒரு பெருஞ்சிறப்பு. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதன் நாயகராகிய சூசையப்பர் ஒரு தச்சர். காப்பிய இலக்கணமோ தன்னிகரில்லாத் தலைவனைக் கேட்டது. தாவீதின் அரசகுலமும் தவவாழ்வும் காப்பிய மேடையில் ஒளிவீச, உளியும் வாய்ச்சியும் ஓரத்துக்குப் போயின. ஓரத்துக்குப் போன அந்த உளியை 1955ஆம் ஆண்டிற் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மீண்டும் எடுத்தார். மே முதலாம் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். சிக்காகோத் தொழிலாளர் 1886இல் எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த போராட்டத்தின் நினைவாக உலகத் தொழிலாளர் கொண்டாடிவந்த நாள் அது. தொழிலாளரின் நாளை வேறொரு பீடத்துக்கு மாற்றும் நோக்கம் அதில் இருந்தது. ஆனால் வரலாறு ஒருவர் எண்ணியபடியே நடப்பதில்லை. தச்சுத்தொழிலாளியைப் பீடத்தில் ஏற்றிய பின்னர், அவனுக்குரிய கூலி எவ்வளவு என்ற கேள்வியையும் பீடத்திலிருந்து இறக்கிவிட முடியாது.

நமது காலத்திலேயே நடந்த இன்னோர் உதாரணத்தைப் பார்ப்போம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இற் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னன் மார்த்தாண்டவர்மனின் அரண்மனை அலுவலர். குளச்சற் போரிற் சிறைப்பட்ட ஒல்லாந்தத் தளபதி டி லனோயின் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இற் கைதாகி, 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையிற் சுடப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் புனிதர் பட்டம் பெற்றார். உயர்சாதியிற் பிறந்த அவர் தாழ்த்தப்பட்டோருடன் உண்டு உறவாடினார் என்பதை மரபு தெளிவாகக் கூறுகிறது. அப்படியிருந்தும் அவருடைய பெயரின் பின்னே சாதிப்பெயர் நீண்டகாலம் ஒட்டிக்கொண்டே இருந்தது. எதிர்ப்பும் விண்ணப்பமும் எழுந்த பின்னரே, புனிதர் பட்டத்துக்குச் சற்று முன்னர், வத்திக்கான் அதனை நீக்கியது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்திற் கட்டப்பட்ட கோயிலில், இரு சாதியார் வெவ்வேறாக இருந்து பூசை காணத் தடுப்பு இருந்தது என்பதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது தகர்க்கப்பட்டது என்பதும் வரலாறு. புனிதரைக் கொண்டாடுவது எளிது. புனிதர் உட்கார்ந்த பந்தியில் உட்காருவதுதான் கடினம்.

இக்குறை கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. சேக்கிழார் பாடிய நந்தனாரின் கதையில் நிலவுடைமைக்காரன் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் வேதியர் என்ற பண்ணையாரைப் படைத்து, வயலையும் அடிமைவேலையையும் கதைக்குள் கொண்டுவந்தார். நந்தனாரின் பக்தி குறையவில்லை. அவர் எதிர்கொண்ட தடை எதுவென்பது மட்டும் தெளிவாயிற்று. விடுபட்ட ஏட்டை மீண்டும் எழுதுதல் என்று நாம் கருதுவது இத்தகைய முயற்சியையே.

இனி, நமது கடற்கரைகளில் எல்லாரிலும் மேலாக நேசிக்கப்படும் அந்தோனியாரிடம் வருவோம். கோடி அற்புதர் என்று மக்கள் அழைக்கும் இவர் 1195இல் லிஸ்பனிற் பிறந்தார். பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்து போதகரானார். 1231 யூன் 13ஆம் நாள் இத்தாலியின் பதுவை நகரருகே, முப்பத்தைந்து முப்பத்தாறு வயதில் இறந்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1232 மே 30ஆம் நாள், புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்து ஈழத்தில் 1687 முதல் ஒளிந்து மறைந்து பணிசெய்து, 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது நோயாளரைத் தம் கையாற் பராமரித்த யோசேவாஸ் அடிகளார், 1711இல் இறந்து 304 ஆண்டுகள் கழிந்து, 2015 ஜனவரி 14ஆம் நாளிலேயே அப்பட்டம் பெற்றதை நோக்கினால் அந்தோனியார் அடைந்த பேரின் வேகம் புரியும். புதுமுகத் துறவி ஒருவன் அவருடைய சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடியதாகவும், அவர் செபித்தபோது அவன் திரும்பி வந்து கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. அச்சுப்பொறி இல்லாத காலத்தில் ஒரு புத்தகம் பெருஞ்செல்வம். அக்கதையிலிருந்தே அவர் காணாமற்போன பொருள்களின் காவலரானார்.

ஆனால் அந்தோனியாரின் கடைசி ஆண்டில் நடந்த ஒரு காரியத்தை நமது நவநாட் புத்தகங்கள் சொல்வது அரிது. அக்காலப் பதுவையில் வட்டித்தொழில் தழைத்தது. கடனை அடைக்க முடியாதவன் சிறையில் அடைக்கப்பட்டான். அந்தோனியார் வட்டிக்காரரைப் பிரசங்கங்களில் வெளிப்படையாகச் சாடினார். 1231 மார்ச் மாதத்தில் நகர ஆட்சி ஒரு சட்டம் இயற்றியது: தன் உடைமை அனைத்தையும் ஒப்படைத்துவிட்ட கடனாளியை இனிச் சிறையில் வைத்தல் ஆகாது. அந்தோனியாரின் வேண்டுகோளின்படி இது செய்யப்பட்டது என்று அச்சட்டமே அவர் பெயரைக் குறிப்பிடுகிறது. பரலோகத்துக்கு மனுப்போடும் புனிதர், பூமியில் நகரசபைக்கு மனுப்போட்டு வென்றார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தொலைந்த சாவியைத் தேடித் தருபவர் எஞ்சினார். கடனாளியின் விலங்கைக் கழற்றியவர் விடுபட்டுப்போனார்.

இந்த ஏடு நமக்கு எதற்கு என்று கேட்கும் வாசகரைப் புதுக்குடியிருப்புக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதையில் உள்ள இவ்வூர், பெயருக்கேற்ப, காடு வெட்டிக் குடியேறியோரின் உழைப்பில் எழுந்தது. அதனை அடுத்து இரணைப்பாலையும், கடலோரமாக மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் முதலிய ஊர்களும் உள்ளன. கமக்காரரும் கடற்றொழிலாளரும், சைவரும் கத்தோலிக்கரும் பக்கத்தில் பக்கத்தில் வாழும் நிலம் இது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் இந்நிலத்தில் நடந்தவற்றை உலகம் அறியும். பெப்ரவரித் தொடக்கத்திற் புதுக்குடியிருப்பு ஆசுபத்திரி மீதே திரும்பத் திரும்ப எறிகணைகள் வீழ்ந்தன. வலைஞர்மடம் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த இளைஞர்களை விடுதலைப் புலிகள் பலவந்தமாகக் கொண்டுசென்றதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு தன் 2011ஆம் ஆண்டு அறிக்கையிற் பதிவுசெய்தது. மே மாத இறுதிக் கட்டத்தில் இராணுவத்திடம் சரணடைந்தோர் பலர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. ஓராண்டுக்கு முன்னர், 2008 ஏப்ரலில், மடுமாதாவின் சுரூபமே தன் கோயிலை விட்டுத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது. காவல் தரும் சுரூபத்துக்கே காவல் இல்லாத காலம் அது.

இத்தகைய நிலத்தில், காணாமற்போன பொருளின் காவலர் என்ற சொற்றொடருக்கு என்ன பொருள்? பதுவையின் துறவி தேடியது ஒரு புத்தகம். இங்கே தாய்மார் தேடுவது பிள்ளைகளை. செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, கணவனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நவநாள் சொல்லும் பெண்ணைப் பார்த்து நகைப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். அவன் வெறும் இரக்கமற்றவன். அவள் விண்ணப்பப் படிவங்களை நிரப்பினாள். ஆணைக்குழுக்களின் முன் சாட்சியம் சொன்னாள். முகாம் வாசல்களில் நின்றாள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனோர் அலுவலகம் உருவாக்கப்பட்டு, 2018இல் அதற்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். அதற்கு முன்னரே, 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலும், மார்ச் 8ஆம் நாள் முல்லைத்தீவிலும், உறவினர்கள் வீதியோரத்திற் கொட்டகை போட்டுத் தொடர் போராட்டத்தைத் தொடங்கிவிட்டனர். பிள்ளையின் முடிவை அறியாமலே கண்மூடிய பெற்றோர் பலர். ஆக, மனு ஒன்றே. அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவன் கதவைத் திறக்காதபோது, அது புனிதரின் பீடத்துக்குப் போய்ச்சேருகிறது. பீடத்திற் குவியும் மனுக்கள் புனிதரின் பெருமைக்குச் சான்றாகலாம். அரசின் சிறுமைக்கும் அவையே சான்று.

கடனைப் பற்றியும் கூறவேண்டும். போரின் பின்னர் வன்னியில் ஆண்துணையற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களை நாடி நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. கோழி வளர்க்கவும் கடை போடவும் வாங்கிய கடனுக்குக் கிழமைக்குக் கிழமை தவணை. ஒரு தவணையை அடைக்க மற்றொரு நிறுவனத்திற் கடன். வாசலில் வந்து குந்தியிருக்கும் வசூல்காரனைக் கண்டு வீட்டின் பின்புறத்தால் வெளியேறும் நிலையும் ஏற்பட்டது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்கவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. பதுவையில் 1231இல் எழுந்த கேள்வியும் இதுவேயன்றோ? அந்தோனியாரிடம் தொலைந்த காப்பைக் கேட்கும் பெண்ணுக்கு, வட்டிக்காரனுக்கு எதிராகச் சட்டம் கேட்டவரும் அவரே என்று யாரேனும் சொல்லியிருந்தால், அவளுடைய செபம் குன்றியிராது. அதன் முதுகெலும்பு நிமிர்ந்திருக்கும்.

நமது வாதத்துக்கு இரு பக்கத்திலிருந்தும் மறுப்பு எழும். புனிதர்களை அரசியலுக்கு இழுக்கலாமா என்று பக்தர்கள் கேட்பர். நாம் இழுக்கவில்லை, அரசன் முன் நின்று பேசியவரையும், நகரசபையிற் சட்டம் செய்வித்தவரையும், சாதியாரின் பந்தியை மீறியவரையும் வரலாறு அங்கேயே வைத்திருக்கிறது. வெளியே இழுத்தவர்கள் சரிதக்காரர்களே. புனிதர் கதைகள் மக்களின் விழிப்பை மழுக்குவன. அவற்றைத் திருத்துவதால் என்ன பயன் என்று நம் தோழர்களிற் சிலர் கேட்பர். மழுக்குவன எவை, விழிப்பூட்டுவன எவை என்று பிரித்தறிய மாட்டாதவர் மக்களிடம் எந்த மொழியிற் பேசப்போகிறார்? எல் சல்வடோர் நாட்டின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ, ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசியமைக்காக, 1980 மார்ச் 24ஆம் நாள் பூசை வேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மாண்டது விசுவாசத்துக்காகவா, அரசியலுக்காகவா என்று அதிகாரபீடங்கள் பல்லாண்டு விவாதித்தன. ஏழை மக்களோ அவரைப் புனிதரென அழைக்க எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. 2018 ஒக்டோபர் 14ஆம் நாள் வந்த பட்டம், மக்கள் முன்னரே எழுதிவிட்ட சரிதத்துக்கு இட்ட கையொப்பமே.

வன்னி மண்ணிலும் அத்தகைய ஏடுகள் எழுதப்படக் காத்துக்கிடக்கின்றன. நீண்டகாலம் கல்லூரிப் பணி புரிந்த அருட்டந்தை பிரான்சிஸ் யோசப், இறுதிப் போரில் மக்களை விட்டுப் போக மறுத்து அவர்களுடனேயே இருந்தவர். 2009 மே 18ஆம் நாள் வட்டுவாகலிற் சரணடைந்தோருடன் அவர் பேருந்தில் ஏற்றப்பட்டதைக் கண்டவர்கள் சாட்சி கூறியுள்ளனர். அதன்பின் அவர் திரும்பவில்லை. காணாமற்போனவற்றைத் தேடித் தருமாறு மக்களுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த குருவே காணாமற்போனோர் பட்டியலிற் சேர்ந்தார். அவருக்குப் பீடம் எழுப்பும்படி நாம் கேட்கவில்லை. அவருக்கும், அவரோடு ஏறிய பெயரறியாத ஏனையோருக்கும் என்ன நடந்தது என்ற விடையைக் கேட்கின்றோம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய வேலை இங்கே நிறைய உண்டு. அந்தந்த ஊர்க் கோயிலின் புனிதர் யார், அவர் எக்காலத்தில் எவருடைய கையால் அங்கு வந்தார், எந்தெந்தத் துன்பத்துக்கு அவரிடம் நேர்த்தி வைக்கப்பட்டது, எந்த ஆண்டில் எந்த நேர்த்தி பெருகியது என்று முதியோரிடம் கேட்டெழுதினால், அரச பதிவேடுகளில் இல்லாத சமுதாய வரலாறு ஒன்று நம் கைக்கு வரும். கூத்தெழுதும் அண்ணாவிமார் பதுவை நகரசபைக் காட்சியை மேடையேற்றட்டும். செபஸ்தியார் அம்புக் காயங்களோடு அரசன் முன் திரும்பி வந்து நிற்கும் காட்சியையும் ஆடட்டும். மெழுகுதிரியை எவரும் அணைக்கவேண்டியதில்லை. அதன் வெளிச்சத்தில், பீடத்தில் வைத்த அதே மனுவின் இன்னொரு பிரதியை எழுதி, அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவனின் மேசையில் வைப்போம்.